ஆளுக்குப் பாதிக் குருவி

1

நாங்கள் பின்லாந்துக்கு வந்து நேற்றோடு பதினோரு வருடம் முடிந்தது. இந்த நாளுக்கு என் கணவர் சீனிவாசன் வருடா வருடம் ஒரு கேக் வாங்கி வருவார். ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, முதல் நாள் விமான நிலையத்தில் ஓசூர் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரோடு நான் இறங்கி நின்றதைச் சொல்லிச் சிரிப்பார். பதினோரு வருடமாக அதே சிரிப்பு. நானும் கூடவே சிரித்து வைப்பேன்.

நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் வந்தா. பெங்களூருக்கு ஓசூர் எப்படியோ அப்படித்தான் ஹெல்சிங்கிக்கு இந்த ஊர். கிடங்குகளும் கம்பெனிகளும் இங்கே. பேரும் புகழும் பக்கத்து ஊருக்கு. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற என் தம்பி முனிராஜ் இந்தப் பெயரை விடுவதாக இல்லை. "ஏங்க்கா, வந்தாவுக்கு வந்தா சோறு போடுவியா?" என்று ஃபோனை எடுத்ததும் கேட்பான். வா, போடுகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் வந்தபாடில்லை.

இப்போது ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது. மரங்களில் ஒரு சத்தம் கிடையாது. போன வருடம் ஒரு குருவிச் சத்தத்தால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதிவிடலாம் என்று இந்த அமைதியில்தான் தோன்றியது. வெளிநாட்டில் இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காலை ஆறு மணியிலிருந்து மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு அவிக்கிறேன்.

2

எங்களுக்கு ஒரே மகள், கீர்த்தனா. நாலு வயதில் இங்கே வந்தாள், இப்போது பதினைந்து. தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் ஃபின்னிஷில் வரும். அதுவும் ஒரு சொல், மிஞ்சினால் ரெண்டு சொல். பத்து வயது வரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள், பதின்மூன்றில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடு, குல்லா போடு, எத்தனை மணிக்கு வருவே. ஒரு நாளில் நான் அவளிடம் பேசுவது இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

அவளுக்குப் பறவை என்றால் பைத்தியம். எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்கான பறவைக் குழு ஒன்று இருக்கிறது. தபால் பட்டுவாடா செய்து ஓய்வுபெற்ற ஹெலெனா என்ற பெண்மணி அதை நடத்துகிறார். சனிக்கிழமை விடியற்காலையில் பிள்ளைகளைக் காட்டோரம் கூட்டிப்போய், எத்தனை பறவை என்று எண்ணி எழுத வைப்பார்.

ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்த கீர்த்தனா, ஃபோனில் ரெண்டு படங்களைக் காட்டி வித்தியாசம் சொல்லச் சொன்னாள். ரெண்டிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குருவி. மங்கின பச்சை நிறம், கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு. "ஒரே குருவிய ரெண்டு தரம் எடுத்திருக்காங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ஒன்றின் பெயர் பயுலிந்து, இன்னொன்று தில்தால்த்தி. கையில் பிடித்துப் பார்த்தால்கூடத் தடுமாறுவார்களாம். வாயைத் திறந்தால்தான் தெரியும். பயுலிந்து உயரத்தில் ஆரம்பித்து, படி இறங்கி வருவது போலப் பாடிக்கொண்டே வந்து, கடைசிப் படியில் குரல் தேய்ந்து நின்றுவிடும். தில்தால்த்திக்கு ராகம் எல்லாம் தெரியாது. தில் தால் தில் தில் தால் என்று, சரியாக மூடாத குழாய் வாளியில் சொட்டுவது போல அடித்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு இது புதிதாகவே படவில்லை. காலை ஏழு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள். எல்லோரும் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. யார் எந்த ஊர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. "பஸ் போயிருச்சுங்களா?" என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம். "போய்டிச்சா?" என்றால் நம்ம ஆள். வாயைத் திறந்தால் ஜாதகமே வந்துவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பக்கத்துப் பேரிகை என்ற ஊரிலிருந்து வந்த சீனிவாசன் வீட்டார், எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, கேசரியில் சக்கரை குறைச்சல் என்று தெலுங்கில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என் அம்மா உள்ளேயிருந்து, "இங்கொஞ்செம் வேஸ்தானு, உண்டண்டி" என்று தெலுங்கிலேயே குரல் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் போடுகிறேன், இருங்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளை முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

3

இந்தக் காது எனக்கு எங்கே பழகியது என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் ஒரு ஹாரன் கம்பெனியில் வேலை பார்த்தேன். வண்டிகளுக்குப் போகிற ஹாரன். உயர்ந்த ஸ்தாயி ஒன்று, தாழ்ந்த ஸ்தாயி ஒன்று என்று ஜோடியாகப் போகும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான், கறுப்பு வட்டத் தகடு. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டிய ஒரு கண்ணாடி அறைக்குள் நான் உட்கார்ந்திருப்பேன். ஹாரனைத் தாங்கியில் மாட்டி மிதியை அழுத்தினால் ஒரு நொடி அலறும். அந்த ஒரு நொடியில் சுத்தமா, கரகரப்பா என்று காது தீர்மானித்துவிட வேண்டும்.

அறைக்கு வெளியே நிற்கிறவள் யாஸ்மின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்காது. சரியாக இருந்தால் நான் கட்டைவிரலைத் தூக்குவேன், அவள் பச்சை மை வைத்து அடுத்த தட்டுக்கு அனுப்புவாள். சரியில்லை என்றால் சுண்டுவிரல். நாள் முழுக்க இதே வேலை. கல்யாண மண்டபத்தில் எதிர்வீட்டு அக்கா சாப்பாடு எப்படி என்று கேட்டபோது, சாம்பாருக்கு என்னையறியாமல் சுண்டுவிரலைக் காட்டியிருக்கிறேன்.

மதியம் கேன்டீனுக்குப் பின்னால் உண்ணிச்செடி வேலி ஓரம் நானும் யாஸ்மினும் டிபன் பாக்ஸைத் திறப்போம். மழை முடிந்ததிலிருந்து கோடை வரும்வரை அந்த வேலிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். டக். டக் டக். கேஸ் அடுப்பு பற்ற வைக்கிற லைட்டரை யாரோ அமுக்குவது போல. என்ன குருவி என்று நாங்கள் எட்டிப் பார்த்ததும் இல்லை, அது வெளியே வந்து முகம் காட்டியதும் இல்லை. "உள்ள எவளோ டீ போடறாடி, ரொம்ப நேரமா அடுப்பு பத்தல" என்பாள் யாஸ்மின். அவ்வளவுதான் அதற்கு நாங்கள் கொடுத்த மரியாதை.

4

அப்பேர்ப்பட்ட காதுக்காரி, இந்த நாட்டுக் குடியுரிமைக்கான மொழித் தேர்வில் ரெண்டு தடவை தோற்றேன். எழுதுவதில் இல்லை, படிப்பதில் இல்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டு எழுதும் பகுதியில். ஒரு பெண் பல் மருத்துவரிடம் நேரம் மாற்றுகிறாள். எந்தக் கிழமைக்கு மாற்றினாள் என்பது கேள்வி. நான் குரலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். இவளுக்குச் சளி பிடித்திருக்கிறது, இந்த ஊர்க்காரி இல்லை, வடக்கிலிருந்து வந்தவள் என்றெல்லாம் தெரிந்தது. கிழமை மட்டும் போய்விட்டது. சீனிவாசனும் கீர்த்தனாவும் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். விமான நிலையத்தில் அவர்கள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. அந்தப் பக்கம் நின்று எனக்காகக் காத்திருக்கும்போது கீர்த்தனா எப்போதும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

5

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, குழுவில் பெரியவர்கள் போதவில்லை, யாராவது அம்மா அப்பா வர முடியுமா என்று ஹெலெனா கேட்டிருந்தார். நான் வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். கீர்த்தனா யோசித்துவிட்டுச் சரி என்றாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. விடியுமுன் எழுந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எலுமிச்சை சாதம் கிளறினேன்.

எண்ணிக்கைக்கு ஒரு முறை இருக்கிறது. ஓரிடத்தில் நின்று ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கு ஒரு பறவையைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த இனத்தில் எத்தனை பறவைகள் பாடுகின்றனவோ, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவை விரலைக் காட்ட வேண்டும்; அதே பறவை மறுபடி பாடினால் கணக்கில்லை. ஹெலெனா தாளைப் பார்த்தபடியே ஓரக்கண்ணில் விரலைக் கவனித்துக் கோடு போடுவார். புதியவள் என்பதால் எனக்குச் சுலபமான பயுலிந்துவைக் கொடுத்தார்கள்.

பிர்ச் மரத்து உச்சியில் ஒரு பயுலிந்து பாடியது. சுத்தமாக இருந்தது, கட்டைவிரலைத் தூக்கினேன். கொஞ்சம் விட்டு மறுபடியும் பாடியது. இதுவும் சுத்தம், கட்டைவிரல். கண்ணை மூடிக்கொண்டு, நாலு வருடப் பழக்கத்தில், ஒவ்வொரு பாட்டையும் பாஸ் பண்ணி அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஹெலெனா கோடு போட்டுக்கொண்டே இருந்தார். இப்படி மூன்று இடம்.

கடைசியில் தாளைக் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தி மூன்று பயுலிந்து. நின்ற மூன்று இடத்திலும் சேர்த்து அத்தனை மரமே கிடையாது. ஹெலெனா என்னைக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஃபின்னிஷில் ஹாரன் கம்பெனியை விளக்கினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹெலெனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கீர்த்தனா சிரிக்கவில்லை. அன்றைய எண்ணிக்கைக்கு அவள்தான் பொறுப்பு. தாளின் தலையில் அவள் பெயர் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை எல்லோரும் மறுபடியும் விடியற்காலையில் எழுந்து வரவேண்டியதாகிவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி, "இனிமே நீ வர வேணாம்" என்றாள். எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று தமிழிலேயே சொன்னாள்.

6

அந்த வாரமே டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும் பேச்சு வந்தது. போய் நாலு வருடம் ஆகியிருந்தது. கீர்த்தனா வரவில்லை என்றாள். நீங்கள் போய் வாருங்கள், தோழி வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றாள். சீனிவாசன், "விடு, பெரிய பொண்ணாயிட்டா" என்று சமாதானம் சொன்னார். அவர் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஊரில் பதினெட்டு வயதில் பிள்ளைகள் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விடும். இன்னும் மூன்று வருடம்தான். அதற்குள் தன் அம்மா யார் என்றே தெரிந்துகொள்ளாமல் என் மகள் வீட்டை விட்டுப் போய்விடுவாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், உருளைக்கிழங்கு வாசத்தோடு வேலையிலிருந்து வந்து, குல்லா போடு என்று சொல்கிற ஒருத்தியைத்தான். இதை நினைத்து நான் சமையலறையில் அழுதிருக்கிறேன். பெரிய அளவில் வெங்காயம் நறுக்கும் இடம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தேன். ஜூனில் இங்கே இருட்டு என்பதே கிடையாது, வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தை ஒட்டி முள்ளும் புதருமாக ஒரு இடம் உண்டு. அதற்குள்ளிருந்து ஒரு குருவி பாடியது. அவசரமே இல்லாத பாட்டு. ஒரு அடியை எடுத்து, மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி நாலைந்து தடவை திருப்பிச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அடுத்த அடிக்குப் போனது. பாட்டு எனக்குப் புதிது. ஆனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்,

டக். டக் டக்.

கேன்டீனுக்குப் பின்னால் அடுப்பு பற்ற வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவள், இங்கே வந்தாவில், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருந்தாள். ஏழாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, எனக்குக் கணக்கு தெரியாது. விமானத்திலேயே ஒரு பகலைத் தின்கிற தூரம். அன்று நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிடம் தாமதம்.

7

இதைக் கீர்த்தனாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ரெண்டு நாள் குழம்பினேன். பறவை விஷயத்தில் வாய் திறந்து இன்னொரு தடவை தப்பாகிவிட்டால் அவ்வளவுதான். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவளே சீனிவாசனிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் பாடுகிற குருவியைப் பற்றித்தான். அந்த இனத்தில் ரெண்டு மூன்று இருக்கிறதாம், எல்லாம் ஒரே பழுப்பு, வாயைத் திறந்தால்தான் தெரியும். அவள் ஃபோனில் பதிவு பண்ணி அனுப்பியதில் ரயில் சத்தம்தான் அதிகம். அவள் அதை வீத்தகெர்த்துனென் என்கிறாள், குழுவில் மற்றவர்கள் அதன் சொந்தக்காரன் ஒருவன் பெயரைச் சொல்கிறார்கள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அந்தக் குருவி எனக்குத் தெரியும்" என்றேன்.

கீர்த்தனா என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. எப்படித் தெரியும் என்று ஃபின்னிஷில் கேட்டாள்.

"எங்க கம்பெனி வேலியில இருந்துச்சு. பாட்டு தெரியாது. நடுவுல டக் டக்னுதே, அது தெரியும்."

அவள் எழுந்து போனாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். ஹெட்ஃபோனோடு திரும்பி வந்து, என் தலையில் மாட்டி, என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். மூன்று பறவைகளின் சத்தத்தையும் ஃபோனில் எடுத்து வைத்திருந்தாள். பாட்டு இல்லை, பாடாத காலத்தில் அவை கொடுக்கும் வெறும் சத்தம். எந்தப் பதிவு எந்தப் பறவை என்று எனக்குத் தெரியாது. முதலாவது தொண்டையைச் செருமுவது போல இருந்தது. இல்லை என்றேன். ரெண்டாவதும் செருமல்தான், கொஞ்சம் வறட்டுச் செருமல். இல்லை. மூன்றாவது ஓடியதும், "இதான், இதான்" என்று கத்திவிட்டேன். அவள் வரிசையைக் கலைத்துப் போட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் கலைத்தாள். மூன்று தடவையும் நான் அதையே பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

வீத்தகெர்த்துனென்தான். அந்தப் பதிவு எங்கே எடுத்தது என்று கீழே எழுதியிருந்ததைக் காட்டினாள். கர்நாடகா, ஜனவரி.

மறுநாள் ஹெலெனா சைக்கிளில் வந்து, புதருக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று கேட்டார். கீர்த்தனா சொன்னதே சரி என்றார். சொந்தக்காரன் மூச்சு விடாமல் அவசர அவசரமாகக் கொட்டுவானாம்; இப்படி நிதானமாக, நடுநடுவே டக் போட்டுப் பாடுவது இவன்தானாம். "அம்மாதான் கண்டுபிடித்தாள்" என்று கீர்த்தனா அவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இந்த ஃபின்னிஷ் வாக்கியம் மட்டும் எனக்கு எப்படிக் கேட்காமல் போகும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் வரைபடத்தை விரித்தாள். அந்தக் குருவி இங்கே பாடுவது ரெண்டு மாதம்கூட இல்லை. ஆகஸ்டில் கிளம்பிவிடும். நம் பக்கம் வந்து, வருடத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும். அந்த ஜூன் வரை நான் அதன் பாட்டைக் கேட்டதே இல்லை, அவள் அங்கே அது என்ன செய்கிறது என்று பார்த்ததே இல்லை. ஆளுக்குப் பாதிக் குருவியை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

"டிசம்பர்ல நானும் வரேன்" என்றாள். "அதப் பாக்கணும்."

அம்மாவுக்காக இல்லை, மாமாவுக்காக இல்லை. ஒரு கைப்பிடிகூட இல்லாத பழுப்புக் குருவிக்காக. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் மனம் மாறுவதற்குள் சீனிவாசனை டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

8

டிசம்பரில் ஊருக்குப் போய் முனிராஜ் வீட்டில் தங்கினோம். வீட்டுக்குப் பின்னால் ரெண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே ஒரு காலி மனை. உண்ணிச்செடி, பிளாஸ்டிக் குப்பை, பாதியில் விட்ட குழாய்ப் பள்ளம். கீர்த்தனா காலை ஆறரைக்கே பைனாகுலரோடு அங்கே போய் நின்றுவிடுவாள். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள்.

"பாப்பா இன்னா தேடுது?"

"குருவி பாக்குதாம்" என்பான் முனிராஜ்.

"குருவியா? ஏன், அந்த ஊர்ல குருவி இல்லியா?"

"அந்த ஊர்க் குருவிதான். இங்க வந்துட்டுதாம். புடிச்சிகினு போக வந்திருக்குது பாப்பா."

முதல் நாளே அது சத்தம் கொடுத்தது. டக். கம்பெனி பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே அவள் அதைப் பிடித்துவிட்டாள். ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். ரெண்டு பேரும் குப்பைக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தோம். டக் டக். அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள், "பாடவே பாடாதா?" என்று கேட்டாள். இங்கே பாடாது, நாலு வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை என்றேன். அங்கே அந்தப் பாட்டைக் கேட்டவளுக்கு இது பெரிய ஏமாற்றம். முனிராஜ் மனைவி மஞ்சுளா தோசைக்கரண்டியோடு வந்து, "அண்ணி, குருவிக்கும் சேத்து ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பேரிகைக்குப் போனோம். சீனிவாசன் அவர் அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். நானும் கீர்த்தனாவும் சந்தைக்குப் போனோம். எனக்குச் சந்தை என்றால் கால் தரையில் பாவாது. தக்காளிக்காரம்மாவிடம் தெலுங்கில் ஆரம்பித்தேன். அவள் என் மாமியாருக்குச் சொந்தம் என்று தெரிந்தது; அவள் தன் மூத்த மருமகள் கதையைச் சொல்ல, நான் எங்கள் சமையலறைக் கதையைச் சொல்ல, கூடையை விட்டுவிட்டு ரெண்டு பேரும் சிரித்தோம். கன்னடத்தில் ஒரு வெற்றிலைக்காரரை வம்புக்கு இழுத்தேன். கீர்த்தனா பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

துணிக்கடை வரிசையில் ஒரு குரல், "ஏய், நீ அவதான?" என்றது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. யாஸ்மின். கணவரோடு சேர்ந்து சந்தை சந்தையாகத் துணி வியாபாரம் செய்கிறாளாம். கட்டிப் பிடித்துக்கொண்டோம். பதினாறு பதினேழு வருடத்துப் பேச்சை ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்கப் பார்த்தோம். நடுவில் கீர்த்தனாவைக் கவனித்து, "இதுவா உம் பொண்ணு? வாயே தொறக்கல, உம் பொண்ணுன்னு எவ நம்புவா?" என்றாள். பிறகு கீர்த்தனாவைப் பக்கத்தில் இழுத்து, "உங்கம்மாள எதுக்குக் கண்ணாடி ரூம்ல போட்டாங்க தெரியுமா? காது நல்ல காதுன்னு சொல்லிகினு இருப்பா. அதெல்லாம் இல்ல. வெளிய உட்டா இவ பேச்சுல லைனே நின்னுடும். ஹாரன் சத்தத்தக்கூடத் தாங்கிக்கலாம், இவ வாய் தாங்க முடியாதுன்னு உள்ள வெச்சு சாத்திட்டாங்க" என்றாள். நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கீர்த்தனா சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் தமிழில் கேட்டாள். சொற்களைத் தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"அம்மா, நீ இவ்ளோ பேசுவியா?"

"பேசுவன். ஏன்?"

"அங்க நீ பேச மாட்ட. நீ அப்படித்தான்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அந்தக் குருவி அங்க பாடும், இங்க பாடாது. நீ அதுக்குத் திருப்பி."

பதினோரு வருடமாக இவளுக்கு நான் கொடுத்ததெல்லாம் அந்த டக் டக் மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. வெளியே ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"அங்க நான் யாருகிட்டடி பேசறது?" என்றேன்.

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"எங்கிட்ட" என்றாள்.